டாங்கிள்வுட் புல்வெளியில் அம்மாவுடன் மூன்று நாள்

ஆகஸ்ட் 7, வெள்ளி: எடிசனிலிருந்து லெனாக்ஸ்

அம்மா மாயவரத்திலிருந்து நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. முதல் வாரம் தூக்கத்தில் போனது, அடுத்த இரண்டு வாரம் நயாகரா, நியூயார்க் என்று சுற்றியதில் போனது, அதற்கப்புறம் ஜன்னல்தான். நாங்கள் வேலைக்குக் கிளம்பியதும் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவாள். "தெருவுல ஒரு மனுஷர் நடக்கலையேடி" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வாள். முப்பது வருஷமாகத் திண்ணையில் வைத்துப் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறவள். காலை ஐந்தரைக்கு ஏதாவது ஒரு பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் வீடு அது. இப்போது அவளிடம் படித்த பெரிய பெண் ஒருத்தி அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் வீட்டு நிசப்தம் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குப் புரிந்தது, என்ன செய்வது என்றுதான் புரியவில்லை.

அப்போதுதான் டாங்கிள்வுட் ஞாபகம் வந்தது. பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா கோடை வந்தால் நகரத்தை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸின் மேற்கு ஓரத்தில் பெர்க்‌ஷயர் மலைப்பக்கம், லெனாக்ஸ் ஊரில் இருக்கிற இந்தத் தோட்டத்துக்கு வந்துவிடும். கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகை, அதைச் சுற்றி ஏக்கர் கணக்கில் புல்வெளி. வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போய், ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்து கேட்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனின் பியானோ கான்செர்ட்டோ, அதாவது பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற இசை, பியானோ வாசிப்பது பத்தொன்பது வயதுப் பெண். சனிக்கிழமை காலை அதே நிகழ்ச்சியின் ஒத்திகையையும் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம், கச்சேரிச் சீட்டைவிட மலிவு. அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு என்னடி தெரியும் பியானோவைப் பத்தி" என்றாள். அப்புறம், ஒத்திகை பார்க்க விடுவார்களா என்று கேட்டாள். விடுவார்கள் என்றதும் புளி கரைக்கப் போய்விட்டாள்.

பதினோரு மணிக்குக் கிளம்பினோம். மூன்றரை மணி நேரத்துப் பயணம் ஐந்து மணி நேரமானது, வெள்ளிக்கிழமை என்பதால் ஹட்சன் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. டகோனிக் சாலை வந்தபிறகுதான் மூச்சு வந்தது. லாரிகளுக்கு அனுமதி இல்லாத பழைய சாலை அது, குறுகலானது, மரங்கள் தார் ஓரம் வரைக்கும் வந்து நிற்கும், வளைவுக்கு வளைவு மான் ஜாக்கிரதை பலகை. அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு வெளிக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே வந்தாள்.

ஹில்ஸ்டேல் பக்கம் திரும்பி கிரேட் பாரிங்டன் போகிற வழியில் ஒரு மேஜை, மேஜைமேல் சோளக் கதிர்கள், பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. ஆள் இல்லை. ஆறு கதிர் ஐந்து டாலர், பெட்டியில் போடவும் என்று அட்டையில் எழுதியிருந்தது. அம்மா சுற்றும்முற்றும் பார்த்தாள். "யாருமே இல்லையே, பெட்டியோட தூக்கிட்டுப் போயிட்டா?" யாரும் தூக்கிப்போவதில்லை என்றேன். ஐந்து டாலர் தாளை அவளே நான்காக மடித்துப் போட்டாள், போட்டபின் உள்ளே விழுந்துவிட்டதா என்று ஒரு கண் வைத்துப் பார்த்தாள். அந்தச் சோளத்தைப் பச்சையாகவே கடித்தோம், பால் தெறிக்கிற இனிப்பு.

தங்கும் விடுதியில் மட்டும் மனசு கெட்டது. கோடை வார இறுதி என்றால் குறைந்தது இரண்டு இரவு எடுத்தே ஆகவேண்டும், ஓர் இரவுக்கு 280 டாலர். அம்மாவின் முழங்காலுக்காகத் தரைத்தள அறைதான் வேண்டும் என்று எழுதியும் கேட்டிருந்தேன், போனிலும் கேட்டிருந்தேன். கொடுத்தது மாடி அறை, லிஃப்ட் கிடையாது. எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. வரவேற்பில் இருந்த பையன் கல்லூரி மாணவன் போல இருந்தான், அவன் தப்பு ஒன்றுமில்லை. இரண்டு பெட்டிகளையும் ரைஸ் குக்கரையும் ஒரே நடையில் தூக்கிப்போய் வைத்துவிட்டு, திரும்பி வந்து அம்மாவின் பக்கத்தில் ஒவ்வொரு படியாக ஏறினான். பதினான்கு படி. அம்மா அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

ராத்திரி நல்ல மழை. புளியோதரை, அப்பளத்துக்குப் பதில் சிப்ஸ். நாளை காலை பத்தரைக்கு ஒத்திகை.

ஆகஸ்ட் 8, சனி: ஒத்திகை

மழை விட்டிருந்தது, புல்லெல்லாம் ஈரம். காரை நிறுத்தும் மைதானத்திலிருந்து கொட்டகைக்கு நல்ல தூரம். அம்மா நடப்பதைப் பார்த்துவிட்டு, கோல்ஃப் வண்டி ஓட்டிவந்த ஒரு பெரியவர் தானாகவே நிறுத்தினார். தொண்டராக வேலை செய்கிறவர். எழுபத்தைந்தாவது இருக்கும். அம்மாவின் புடவைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

கொட்டகை என்று சொன்னேனே, அது நிஜமாகவே கொட்டகைதான், பெயரே அப்படி. விசிறி மாதிரி விரிந்த கூரை, அதைத் தாங்கும் இரும்புத் தூண்கள், பக்கங்களில் சுவர் கிடையாது. ஐயாயிரம் பேர் உட்காரலாம். பின்லாந்துக்காரரான எலியல் சாரினென்தான் முதலில் வரைபடம் போட்டவர். ஒரு லட்சம் டாலருக்குள் முடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு வெறும் கொட்டகைதான் வரும், அதற்குக் கட்டடக் கலைஞர் எதற்கு, எந்த மேஸ்திரியும் கட்டுவார் என்று அவர் விலகிக்கொண்டார். பக்கத்து ஊரான ஸ்டாக்பிரிட்ஜின் பொறியாளர் ஜோசப் ஃபிரான்ஸ் அந்த வரைபடத்தை எளிதாக்கிக் கட்டி முடித்தார். 1938 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியோடு திறந்தார்கள். கொட்டகை என்ற சொல்லும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆறாவது வரிசையில் இடம் கிடைத்தது. வாசிப்பவர்கள் டீ ஷர்ட், அரை டிரவுசர், காலில் செருப்பு என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலிக்குக் கீழே காபிக் கோப்பை. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். அவள் கண் நேராகப் போனது ஓபோ என்கிற ஊதுகுழல் வாசிக்கிறவரிடம். அவர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் ஏதோ ஒன்றை வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"அது சீவாளிதானே?"

ஆமாம் அம்மா, சீவாளிதான். நாணலைச் சீவி, இரண்டு தகடாக வைத்து நூலால் கட்டியது. ஓபோக்காரர்களில் நிறையப் பேர் தங்கள் சீவாளியைத் தாங்களே செதுக்கிக்கொள்வார்கள். "நாயனக்காரர் மாதிரியே உட்கார்ந்திருக்காரே" என்றாள் அம்மா. அவள் வளர்ந்த தெருவில் நாகஸ்வரக்காரர் வீடு இருந்தது, திண்ணையில் வெயிலில் சீவாளி காயப்போட்டிருப்பார்களாம். அப்புறம் அந்த ஓபோதான் ஒரு சுரத்தை நீட்ட, மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் அதற்குச் சுருதி சேர்த்தது. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

முதலில் செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கின் எட்டாவது சிம்பொனியை அங்கங்கே தொட்டுப் பார்த்தார்கள். இடைவேளைக்கப்புறம் பியானோவை நடுவில் உருட்டி வைத்தார்கள். அந்தப் பெண் வந்தாள். ஜீன்ஸ், வெளுத்த சட்டை, தலைமுடியை ஒரு பென்சிலால் சுருட்டிக் குத்தியிருந்தாள். ஆர்க்கெஸ்ட்ராவைக் கையசைத்து நடத்துகிற கண்டக்டருக்கு அவளைவிட மூன்று மடங்கு வயது இருக்கும்.

ஷூமனின் கான்செர்ட்டோ எப்படி ஆரம்பிக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். ஆர்க்கெஸ்ட்ரா ஒரே ஒரு அடி அடிக்கும், பியானோ மேலிருந்து படபடவென்று இறங்கும், அவ்வளவுதான், உடனே அமைதி. அந்த அமைதியில் ஓபோ முதல் மெட்டைச் சொல்லும். சொல்லி முடித்ததும் பியானோ அதே மெட்டைத் தனியாகத் திருப்பிச் சொல்லும். நான் இந்த இசையைப் பல வருஷமாகக் காரில் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு நடந்ததைப் பார்த்தபிறகு இதுவரை கேட்டதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஓபோ சொன்னது. அவள் திருப்பிச் சொன்னாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான்கைந்து வரி போனதும் அவளே கையை எடுத்துவிட்டாள். கண்டக்டரிடம் ஏதோ சொன்னாள், பிறகு பெஞ்சிலேயே முழுக்கத் திரும்பி ஓபோக்காரரைப் பார்த்தாள். அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்பது அவளுக்கு வேண்டியிருந்தது. மைக் இல்லை, ஆறாவது வரிசைக்கு வார்த்தை பாதிதான் வந்தது, கை சொல்லிவிட்டது. அவர் தனியாக வாசித்துக் காட்டினார். அவள் பியானோவைத் தொடாமல் மடியில் விரலை வைத்துக் கேட்டாள். அவர் மூச்சு எடுக்கும் இடத்தில் இவளும் தோளைத் தூக்கி மூச்சு எடுத்தாள். அப்புறம் வாசித்தாள். அவர் தலையைச் சாய்த்து, இன்னொரு தடவை என்றார். மூன்றாவது தடவை அவள் வாசித்தபோது பியானோ மூச்சு விட்டு மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. சுத்தியல் கம்பியில் அடிக்கிற வாத்தியம் அது, அதற்கு மூச்சு ஏது. இருந்தாலும் கேட்டது. வயலின்காரர்கள் காலால் மெல்லத் தரையைத் தட்டினார்கள், அதுதான் அவர்களுடைய சபாஷ்.

"நாயனக்காரர்கிட்டப் பாடம் கேக்கறா" என்றாள் அம்மா என் காதில். "நானும் வீணையில இதைத்தான் சொல்லுவேன். வாயால பாடு, அப்புறம் மீட்டுன்னு. எந்தப் பிள்ளை கேக்குது?"

அந்த மெட்டின் முதல் நான்கு சுரத்தை அம்மா உதட்டுக்குள் முணுமுணுத்தாள்: க ரி ஸ ஸ. நான் அப்போது சொன்னேன், ஜெர்மானியர்கள் அந்தச் சுரங்களுக்கு வைத்த எழுத்தைப் படித்தால் சி, எச், ஏ, ஏ என்று வரும் என்று. ஷூமன் தன் மனைவி கிளாராவைக் கியாரா என்று செல்லமாக அழைப்பார், அந்தப் பெயரில் சுரமாக வாசிக்கக்கூடிய எழுத்துகள் இவைதான், அவள் பெயரைத்தான் மெட்டுக்குள் வைத்திருக்கிறார் என்று சொல்வார்கள். அம்மா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். "அட, சுவராட்சரம்!" என்றாள். நம் கீர்த்தனைகளில் சாகித்யத்தின் எழுத்தும் அந்த இடத்துச் சுரமும் ஒன்றாக விழும் அழகுக்கு நாம் வைத்திருக்கிற பெயர். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மையார் திரும்பிப் பார்த்தார், முறைக்கவில்லை, சிரித்தார்.

இந்த முதல் பகுதியை ஷூமன் 1841-லேயே தனியாக எழுதிவிட்டார். அந்த ஆகஸ்டில் லைப்சிக்கில் ஆர்க்கெஸ்ட்ராவோடு கிளாரா அதை வாசித்ததும் ஒரு ஒத்திகையில்தான். மூன்று வாரத்துக்குள் முதல் குழந்தை பிறந்தது. பதிப்பாளர்கள் யாரும் வாங்கவில்லை. நான்கு வருஷம் கழித்து மற்ற இரண்டு பகுதிகளையும் சேர்த்து எழுதி, 1845 டிசம்பரில் டிரெஸ்டனில் அரங்கேறியபோதும் வாசித்தது கிளாராதான். இதை இடைவேளையில் அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். வயிற்றில் பிள்ளையோடு வாசித்தார் என்பதை அம்மா விடவில்லை. "நீ வயித்துல இருக்கும்போது கடைசி ரெண்டு மாசம் வீணையை மடியில வெக்க முடியல. குடம் இடிக்கும். சுவத்துல சாய்ச்சு வெச்சுட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை.

மூன்றாவது பகுதியில்தான் பெரிய அமர்க்களம். மூன்று எண்ணிக்கையில் ஓடுகிற இசை. அம்மா தொடையில் விரலால் தகிட தகிட என்று போட்டுக்கொண்டு வந்தாள். திடீரென்று கை நின்றுவிட்டது. வயலின்கள் துண்டு துண்டாக ஒரு புது மெட்டை எடுக்கும் இடம் அது. தாளில் எழுதியிருப்பது மூன்று மூன்றுதான், காதில் விழுவது இரண்டு இரண்டாக. இரண்டு வரியின் ஆறு எண்ணிக்கையைத் தகிட தகிட என்று பிரிக்காமல் தக தக தக என்று குறுக்கே வெட்டியிருக்கிறார் ஷூமன். கண்டக்டர்கள் பயப்படும் இடம் என்று இதற்குப் பெயர் உண்டு. இன்றைக்கும் வண்டி தடம் புரண்டது. பியானோ ஒரு பக்கம், வயலின்கள் ஒரு பக்கம். நிறுத்தினார்கள். மறுபடி. அதே இடத்தில் மறுபடி நின்றது. அந்தப் பெண் ஆர்க்கெஸ்ட்ராவிடம் அந்த அடிகளை இன்னும் குட்டையாக, இன்னும் மென்மையாக வைக்கச் சொன்னாள். கண்டக்டர் யோசித்துவிட்டு, சரி என்றார். மறுபடி. இந்தத் தடவை கூடிவந்தது. அம்மா அதற்குள் கணக்கைப் பிடித்துவிட்டாள், ஒரு கையில் மூன்று, மறு கையில் இரண்டு. மொத்தக் கொட்டகையிலும் அந்த நேரத்தில் அவளைவிடச் சந்தோஷமான ஆள் இருந்திருப்பாரா, சந்தேகம்தான்.

வெளியே வந்து ஒரு பெரிய மரத்தடியில் தயிர்சாதம், மாவடு. தூரத்தில் ஏரி தெரிகிறது, ஸ்டாக்பிரிட்ஜ் பௌல் என்று பெயர். பக்கத்து ஜமக்காளக்காரர்கள் மேஜைவிரிப்பு, பூஜாடி, கண்ணாடிக் கோப்பை எல்லாம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எங்கள் மாவடுவைப் பார்த்து, ஆலிவா என்று கேட்டார்கள். அம்மா இரண்டு எடுத்துக் கொடுத்தாள். அந்த மனிதர் கடித்துவிட்டு முகம் சுருங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, இன்னொன்று கேட்டார்.

காருக்குத் திரும்பினால் வண்டி உயிரில்லாமல் கிடக்கிறது. பின்கதவு சரியாக மூடாமல் உள்விளக்கு எரிந்து பேட்டரி இறங்கிவிட்டது. போனில் சிக்னல் ஒரு கோடு, வருவதும் போவதுமாக. மைதானம் காலியாகிக்கொண்டிருந்தது. கிளம்பிப்போன ஒரு வயதான தம்பதி எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அந்த அம்மாள்தான் கேபிளை எடுத்து மாட்டினார், கணவர் குடை பிடித்தார், அப்போது தூறல். பத்து நிமிஷம். பெயர்கூடக் கேட்கவில்லை நான். பணம் கொடுக்கவும் தோன்றவில்லை, கொடுத்தாலும் வாங்கியிருக்கமாட்டார்கள். அம்மா மிச்சமிருந்த சோளம் மூன்றையும் அவர்கள் பின்சீட்டில் வைத்துவிட்டாள்.

சாயங்காலக் கச்சேரிக்குப் போகவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. எண்ணெய் தேய்த்துவிட்டேன். அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி தக தக தக என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு: கச்சேரி

கச்சேரி மதியம் இரண்டரைக்கு. காலையிலிருந்தே புழுக்கம், சட்டை முதுகில் ஒட்டியது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

இன்றைக்குப் புல்வெளிச் சீட்டுதான், உள்ளே நல்ல இடத்துக்கு நூறு டாலருக்கு மேல் கேட்டார்கள். பன்னிரண்டரைக்கே போய் ஜமக்காளம் விரித்தோம். பிள்ளைகளுக்குப் புல்வெளியில் கட்டணம் இல்லாததால் எங்கு பார்த்தாலும் குழந்தைகள் உருண்டுகொண்டிருந்தன. ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள், நன்றாகவே கேட்கும் என்றேன். அம்மா ஒலிபெருக்கிக் கம்பத்தைப் பார்த்தாள், கொட்டகையைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு மூச்சு எடுக்கறது இதுல கேக்குமா?"

பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு பாட்டி. நாற்பது கோடையாக வருகிறாராம். இடி உருண்டபோது அவர்தான் 1937-ஆம் வருஷக் கதையைச் சொன்னார். அப்போது கொட்டகை கிடையாது, கூடாரம்தான். ஆகஸ்ட் 12, வாக்னர் கச்சேரி. இடியும் மழையும் வந்து இசையை முழுங்கிவிட்டது, கூடாரம் ஒழுகி வாத்தியமெல்லாம் நனைந்தது. இந்த விழாவை முன்னின்று நடத்திய கெர்ட்ரூட் ராபின்சன் ஸ்மித் என்ற பெண்மணி இடைவேளையில் மேடை ஏறி, பார்த்தீர்களா, நமக்கு ஒரு கூரை வேண்டும் என்று அங்கேயே நிதி கேட்டார். அடுத்த கோடையில் கூரை நின்றது. "மழைதான் இதைக் கட்டியது" என்றார் பாட்டி. அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். கும்பாபிஷேகத்துக்கு வசூல் பண்ணுகிற மாதிரி என்றாள்.

இரண்டரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அம்மா எழுந்துவிட்டாள். கொட்டகைக்குச் சுவர் இல்லையே, பக்கவாட்டு ஓரத்தில் நின்றால் மேடை தெரியும், நிறையப் பேர் அப்படி நிற்கிறார்கள். மெதுவாக நடந்து போனோம். நின்று ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, பதினைந்து பதினாறு வயசுப் பையன் ஒருவன் தன் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பின்னால் விரித்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஈரப்புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

நேற்றுப் பார்த்த அதே மனிதர்கள் இன்று வெள்ளைக் கோட்டு போட்டு வந்தார்கள். அந்தப் பெண் கரும்பச்சை உடையில் வந்தாள், தலையில் பென்சில் இல்லை. உட்கார்ந்தாள், பெஞ்சின் உயரத்தைத் திருகினாள், திரும்பி ஓபோ இருக்கும் பக்கம் ஒரு பார்வை. ஆரம்பித்துவிட்டார்கள்.

அடி. இறக்கம். அமைதி. க ரி ஸ ஸ.

ஓபோ வாசிக்கும்போது அவள் கை இரண்டும் மடியில். அவர் மூச்சு வாங்கினார், நான் அவள் தோளைத்தான் பார்த்தேன், தோள் எழுந்தது. பிறகு அவள் திருப்பிச் சொன்னாள், நேற்று மூன்றாவது தடவை சொன்னதைவிடக் கொஞ்சம் தாமதமாக, பேசி முடித்த பெரியவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிற மாதிரி. அந்த ஒரு நொடித் தாமதம் நேற்று இல்லை. அது அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது. ஐயாயிரம் பேர் இருக்கிற இடத்தில் ஒரு இருமல் இல்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது.

நடுவில் கிளாரினெட்டோடு பியானோ பேசிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, வேகமெல்லாம் அடங்கிப் பொழுது சாய்ந்த மாதிரி ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து ஏதோ பறவை ஒன்று கொட்டகைக் கூரைக்கு உள்ளேயே பறந்து போனது. இரண்டாவது பகுதியில் செல்லோக்கள் பெரிய மெட்டை எடுத்தபோது அந்தப் பெண் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி வாசித்தாள். இந்த வயதில் ஒதுங்கத் தெரிவது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேகத்துக்கு விரல் பயிற்சி செய்தால் வந்துவிடும். அடுத்தவர் பேசும்போது தன் ஒலியைச் சிறிதாக்கிக்கொண்டு, ஆனால் ஒரு சுரமும் விழுந்துவிடாமல் வாசிப்பது வேறு வித்தை. இந்தக் கான்செர்ட்டோ முழுக்க அந்த வித்தைதான் வேண்டும். ஆர்க்கெஸ்ட்ராவை வீழ்த்தி ஜெயிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் இது கையில் நிற்காது.

மூன்றாவது பகுதி. அந்த இடம் வரப்போகிறது என்று எனக்கும் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது, அவள் கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். தகிட தகிட தகிட தகிட, தக தக தக. பிசிறில்லாமல் தாண்டினார்கள். கண்டக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். அம்மா "பலே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், இங்கே வாசிப்பின் நடுவில் யாரும் வாய் திறப்பதில்லை. கீழே உட்கார்ந்திருந்த பையன் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் முதலில் கை காட்டியது ஓபோக்காரரை. அவர் எழுந்து நின்றார், சீவாளி வாயருகே அப்படியே இருந்தது.

இரண்டாம் பாதியில் ட்வோர்ஷாக். 1889-ல் வைசோகா என்ற கிராமத்துக் கோடைவீட்டில் இருந்தபோது எழுதிய சிம்பொனி, முதல் பகுதியில் புல்லாங்குழல் பறவை மாதிரி கூவும். நாங்கள் புல்வெளிக்கே திரும்பிவிட்டோம். இரண்டாவது பகுதியில் மழை வந்துவிட்டது, நல்ல கனத்த மழை. ஓடுவார்கள் என்று நினைத்தேன். சிலர் கொட்டகை ஓரம் போனார்கள், மிச்சப்பேர் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துப் பாட்டி ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினார். அவரும் நானும் அதைத் தலைக்குமேல் பிடித்துக்கொள்ள நடுவில் அம்மா. கை வலித்தது. பிளாஸ்க்கில் இருந்த காபியை மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். பாட்டிக்குச் சிக்கரி வாசனை பிடித்திருந்தது.

மைதானத்திலிருந்து வண்டி வெளியே வர ஐம்பது நிமிஷம் ஆனது. சேறு. அம்மாவின் புடவைக் கரை முழங்கால்வரை நனைந்து கனத்துக் கிடந்தது. நான் ஹீட்டரைப் போட்டேன், ஆகஸ்ட் மாசத்தில்.

எட்டு மணிக்கு டகோனிக் சாலை ஓரம் பெட்ரோல் போட நிறுத்தினேன். சிக்னல் முழுசாக வந்தது. அம்மா மணியைப் பார்த்தாள், எனக்கு முன்னால் கணக்குப் போட்டுவிட்டாள்: மாயவரத்தில் காலை ஐந்தரை. போனை எடுத்து, வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரிய பெண்ணைக் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் திண்ணையில் வைக்கச் சொன்னாள். காக்காய்ச் சத்தமும் வாசல் தெளிக்கும் சத்தமும் கேட்டன.

"யாரு வந்திருக்கா இன்னிக்கு? சரி. வீணையை எடுக்க வேணாம். வலது கையில மூணு போடு, இடது கையில ரெண்டு போடு. ஆறுல வந்து ரெண்டும் சேரணும். போடு பாப்போம்."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு சின்னப் பிள்ளையின் கை தொடையில் விழும் சத்தம். தகிட, தகிட. இரண்டு சுற்று சரியாக வந்தது, மூன்றாவதில் பிசகியது.

"மறுபடி" என்றாள் அம்மா.